மாசம் ரெண்டு தடவைதான் ஓட்டுறோம்... செக் இன்ஜின் லைட் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப எரியுது?

சென்னையில் எந்த அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் போய்ப் பார்த்தாலும் அப்படி ஒரு கார் நிற்கும். மேலே கவர் போட்டிருக்கும். கவருக்கு மேலே பூனை தூங்கும். ஆபீஸுக்கு மெட்ரோ, கடைக்கு பைக், மழை வந்தால் கால் டாக்ஸி என்று வாழ்க்கை ஓடுவதால், மாசத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் வண்டி வெளியே வரும். கல்யாணம், குலதெய்வம் கோயில், அப்பாவுக்கு ஹாஸ்பிட்டல் செக்-அப்... அவ்வளவுதான். அப்படி எடுக்கும்போது பார்த்து டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட அந்த மஞ்சள் லைட் எரியும். மெக்கானிக்கிடம் போனால் ஸ்கேனரை மாட்டி ஒரே நிமிஷத்தில் அணைத்துவிடுவார். ‘ஏதோ சென்ஸார் ஏரர் சார், க்ளியர் பண்ணிட்டேன்.’ அடுத்த மாசம் மறுபடியும் எரியும்.

‘வண்டி நல்லாத்தானே ஓடுது’ என்று அந்த லைட்டோடு வாழப் பழகிவிட்டவர்கள் நிறைய பேர். ஆனால், இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்ஜினில் வரக்கூடிய நூற்றுக்கணக்கான கோளாறுகளுக்கும் இருப்பது அந்த ஒரே லைட்தான். ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் லைட்டால், இன்றைக்குப் புதிதாக இன்னொரு கோளாறு வந்திருப்பதை உங்களுக்குச் சொல்ல முடியாது. பல வீடுகளில் அந்தக் காரை விற்காமல் வைத்திருப்பதே ஆத்திர அவசரத்துக்குத்தான். ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், அன்றைக்கு அது ஸ்டார்ட் ஆக வேண்டும்.

அதிகம் ஓட்டாத காரில் இந்த லைட்டின் கதையே வேறு. தினமும் 40 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குச் சொல்லும் வைத்தியம் இதற்குச் சரிப்படாது. ஏனென்றால், இங்கே பாதி நோய்க்குக் காரணமே ‘ஓட்டாததுதான்’.

முதலில் கலரைப் பாருங்க!

மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் நிலையாக எரிந்தால் பதற வேண்டாம். வண்டி வழக்கம்போல ஓடுகிறது என்றால் மெதுவாக வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்க்கலாம். அதே லைட் விட்டு விட்டு மின்னினால், விஷயம் சீரியஸ். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் அப்படியே சைலன்ஸர் பக்கம் போகிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உள்ளேயே உருக்கிவிடும். சில நூறு ரூபாய் ஸ்பார்க் பிளக்கில் முடிய வேண்டிய வேலை, பல ஆயிரங்களில் போய் நிற்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பாதுகாப்பான இடமாகப் பார்த்து ஓரங்கட்டிவிடுங்கள்.

சிவப்பு நிறத்தில் ஆயில் கேன் படமோ, தெர்மாமீட்டர் படமோ எரிந்தால் யோசிக்கவே வேண்டாம். நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணிவிட்டு போனை எடுங்கள். அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

அணைச்சா போயிடுமா?

காரின் கம்ப்யூட்டர் தன்னைத் தானே பரிசோதித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பெயர் ஓபிடி - ஆன்-போர்டு டயக்னாஸ்டிக்ஸ். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 கட்டாயமானது. நம் ஊரில் 2020 ஏப்ரல் 1-ம் தேதி முதல் வந்த பிஎஸ்-6 கார்கள் எல்லாவற்றிலும் இது உண்டு. அதற்கு முந்தைய பிஎஸ்-4 கார்களில் பெரும்பாலானவற்றிலும் உண்டு.

இந்த கம்ப்யூட்டர் ஒரு கறார் வாத்தியார் மாதிரி. பல கோளாறுகளை ஒரு தடவை பார்த்ததுமே லைட் போட்டுவிடாது. முதல் தடவை ‘பெண்டிங்’ என்று குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் லைட்டைப் போடும். கோளாறு தானாகவே சரியாகிவிட்டால், பொதுவாக மூன்று ஓட்டங்களில் தொடர்ந்து பிரச்னை இல்லை என்று பார்த்த பிறகுதான் லைட்டை அணைக்கும். லைட் அணைந்தாலும் அந்தக் கோடு நினைவில் இருக்கும். இன்ஜின் குளிர்ந்த நிலையிலிருந்து நன்றாகச் சூடாவதை ஒரு ‘வார்ம்-அப்’ என்று கணக்கு வைத்தால், கோடு அழிய சுமார் 40 வார்ம்-அப்கள் ஆகும்.

இப்போது கணக்குப் போடுங்கள். தினமும் ஆபீஸுக்குப் போகும் காருக்கு 40 வார்ம்-அப் என்பது ஒன்றரை மாசம்கூட இல்லை. மாசம் ரெண்டு தடவை எடுக்கும் காருக்கு? 20 மாசம்! அதாவது, இன்றைக்கு ஸ்கேனரில் தெரியும் கோடு போன வருஷ தீபாவளிக்கு வந்ததாகக்கூட இருக்கலாம். அதை நம்பி இன்றைக்கு ஒரு சென்ஸாரை மாற்றினால், பணம் போகும். லைட் போகாது.

இதன் மறுபக்கம் இன்னும் சுவாரஸ்யம். ஸ்கேனரில் ‘க்ளியர்’ பட்டனை அழுத்தினால் கோடு மட்டும் அழிவதில்லை. கம்ப்யூட்டர் அதுவரை செய்து முடித்த பரிசோதனைகளின் கணக்கும் சேர்ந்து பூஜ்யமாகிவிடும். அந்தப் பரிசோதனைகளில் பலவும் இன்ஜின் நன்றாகச் சூடாகி, கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓடினால்தான் நடக்கும். ரெண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கோயிலுக்குப் போய்த் திரும்பும் வண்டியில் அதற்கு வாய்ப்பே இல்லை. அதனால் ஒரு மாசம் லைட் எரியாது. உடனே ‘சரியாகிடுச்சு’ என்று நினைக்கிறோம். பரீட்சையே எழுதாத பையனைப் பார்த்து, ‘பரவாயில்லையே, ஃபெயில் ஆகலையே’ என்று சந்தோஷப்படுவது மாதிரிதான் இது. பிறகு ஒரு நாள் திண்டிவனம் தாண்டும்போது பரிசோதனை முடியும். லைட் எரியும்.

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் லைட் போய்விடும் என்று சொல்பவர்களும் உண்டு. பல வண்டிகளில் போகும்தான். கூடவே எல்லாத் தடயங்களும் போய்விடும்.

அழிக்கறதுக்கு முன்னாடி படிங்க!

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கம் கையை விட்டுப் பாருங்கள். 16 பின்கள் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் மாட்டுகிற புளூடூத் ஓபிடி டாங்கிள் சில நூறு ரூபாயிலிருந்து ஆன்லைனில் கிடைக்கிறது. ‘டார்க்’, ‘கார் ஸ்கேனர்’ மாதிரி ஏதாவது ஒரு ஆப் போட்டால், உங்கள் போனே ஸ்கேனர்தான். ஐபோன் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனம். பழைய வகை புளூடூத் டாங்கிள்கள் ஐபோனோடு சேராது. வைஃபை அல்லது புளூடூத் எல்இ வகை என்று பார்த்து வாங்க வேண்டும்.

கோடு ஓர் எழுத்தும் நான்கு இலக்கமுமாக வரும். ‘பி’ என்று ஆரம்பித்தால் இன்ஜின், கியர்பாக்ஸ் சமாச்சாரம். ‘யு’ என்றால் வண்டியில் உள்ள கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவதில் சிக்கல். கோடை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று ஒரு பக்கம் இருக்கும். கோளாறு பதிவான அந்த நொடியில் இன்ஜின் என்ன ஆர்பிஎம்மில் இருந்தது, கூலன்ட் எத்தனை டிகிரி, வண்டி என்ன வேகம் என்பதெல்லாம் அதில் இருக்கும். இதைத்தான் பலரும் பார்ப்பதே இல்லை. கூலன்ட் 32 டிகிரி, வேகம் பூஜ்யம் என்றிருந்தால், காலையில் ஸ்டார்ட் பண்ணிய உடனே வந்த கோளாறு. 90 டிகிரி, 80 கிலோமீட்டர் வேகம் என்றால் ஹைவேயில் வந்தது. தேட வேண்டிய இடமே மாறிவிடும்.

முக்கியமான விஷயம்: பார்த்து முடித்ததும் டாங்கிளைக் கழற்றிவிடுங்கள். அது சாக்கெட்டிலேயே இருந்தால் வண்டி நிற்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக கரன்ட்டை உறிஞ்சும். நின்றுகொண்டே இருக்கும் காருக்கு அதுவே ஒரு புது வியாதி.

சென்ஸாருக்கு முன்னாடி பேட்டரி!

கோடு எதுவாக இருந்தாலும், அதிகம் ஓட்டாத காரில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியைத்தான். வண்டியை லாக் பண்ணிவிட்டுப் போனாலும் அலாரம், சென்ட்ரல் லாக்கிங், கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் கொஞ்சம் கரன்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். அது 30 மில்லி ஆம்ப் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் குறையும் இல்லாத வண்டியிலேயே சாதாரணமாக இருக்கும் அளவுதான். 30 நாளில் அது 21.6 ஆம்பியர்-ஹவர். சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக்குகளில் வரும் பேட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர்-ஹவர்தான். ஒன்றுமே செய்யாமல் ஒரு மாசம் நின்றதில் பாதிக்கு மேல் காலி!

அப்படி இளைத்துப்போன பேட்டரியில் செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்டேஜ் சடாரென்று இறங்கும். அந்த ரெண்டு நொடியில் சென்ஸார்கள் தாறுமாறாகப் பேசும். ‘லோ வோல்ட்டேஜ்’ என்று சொல்லும் பி0562, அதோடு யு-வில் ஆரம்பிக்கும் கோடுகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து கோடுகள் என எல்லாம் ஒரே நேரத்தில் வந்திருந்தால் சந்தேகம் முதலில் பேட்டரி மேல்தான் விழ வேண்டும். நாலு சென்ஸார் ஒரே நாளில் கூட்டாகச் செத்துப்போவது ரொம்ப அபூர்வம்.

ஒரு மல்ட்டிமீட்டர் இருந்தால் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் ஃபுல் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போயிருந்தால் முதலில் சார்ஜ், பிறகுதான் மற்ற பேச்சு. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஸ்டார்ட் ஆனதும் 13.5-லிருந்து 14.5 வரை ஏற வேண்டும். ஏறினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், அதைச் சுத்தம் செய்வதிலேயே சில கேஸ்கள் முடிந்துவிடும்.

எலி... சந்தேகமே வேண்டாம்!

பானெட்டைத் திறந்து செல்போன் டார்ச்சை அடியுங்கள். மூலையில் கறுப்பு அரிசி மாதிரி எச்சம், தேங்காய் நார், கோழி எலும்பு இதெல்லாம் கிடந்தால், உங்கள் காரில் வேறு ஒரு குடும்பம் குடியிருக்கிறது. ஓடாத வண்டியின் இன்ஜின் பகுதி எலிக்குக் காற்று புகாத, நாய் தொடாத வீடு. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டரைப் பிய்த்து உள்ளே கூடு கட்டியிருப்பது சாதாரணம். அதற்குப் பிறகு சென்ஸார்களுக்குப் போகும் மெல்லிய ஒயர்களை, முடிந்த தூரம் விரலால் தடவிக்கொண்டே போங்கள்.

பி0135 என்ற கோடை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிஜன் சென்ஸாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். கவனிக்க வேண்டிய சொல் ‘சர்க்யூட்’. சென்ஸார் போயிருக்கலாம். ஃபியூஸ் போயிருக்கலாம். கனெக்டரில் ஈரம் புகுந்து துருப்பிடித்திருக்கலாம். எலி ஒயரைக் கடித்திருக்கலாம். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது கரன்ட் போகவில்லை என்பது மட்டும்தான். அதைப் பார்த்துவிட்டு நேராகப் புது சென்ஸாருக்கு ஆர்டர் போடுவது, வீட்டில் ஃபேன் சுற்றவில்லை என்றதும் சுவிட்சைக்கூடத் தட்டிப் பார்க்காமல் புது ஃபேன் வாங்குவது மாதிரி.

யூட்யூபில் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்தால், முதல் வேலையாகப் பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கச் சொல்வார்கள். அங்கே டேங்க்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று காரே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நம் ஊர் கார்கள் பலவற்றில் அந்தச் சோதனையே கிடையாது. இறுக்கிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. ஆனால், அதோடு முடிந்தது என்று நம்பிவிடாதீர்கள்.

நின்னு போன பெட்ரோல், காய்ஞ்சு போன ஹோஸ்

பேட்டரியும் ஒயரும் சரி என்றால், அடுத்து இன்ஜினின் சாப்பாடு. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மாசக்கணக்கில் டேங்க்கில் கிடக்கும் பெட்ரோலில் சீக்கிரம் எரியும் பகுதிகள் ஆவியாகி, மிச்சம் சோம்பேறியாகிவிடும். விளைவு: ஸ்டார்ட் ஆகத் தகராறு, ஐடிலிங்கில் நடுக்கம், மிஸ்ஃபயர் கோடுகள்.

பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர். பி0301 என்றால் ஒன்றாவது சிலிண்டர், பி0302 என்றால் ரெண்டாவது. ஒரே சிலிண்டர்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் இருக்கும் வண்டிகளில், ஒன்றாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை ஒன்றாவதில் மாட்டி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் குற்றவாளி காயில்தான். மாறாமல் பி0301-லேயே நின்றால் காயில் நிரபராதி. ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் என்று அடுத்ததைப் பார்க்க வேண்டும். நல்ல மெக்கானிக்குகள் இதைச் சொல்லாமலே செய்வார்கள்.

இன்னொரு அடிக்கடி வரும் விருந்தாளி, பி0171. ‘கலவை லீன்’, அதாவது பெட்ரோலைவிடக் காற்று அதிகம் என்று அர்த்தம். இங்கேதான் ஆக்ஸிஜன் சென்ஸார்கள் அநியாயமாகப் பலியாகின்றன. தகவலைச் சொன்னது அந்த சென்ஸார்தான். தந்தி கொண்டுவந்த போஸ்ட்மேனை அடித்து என்ன பிரயோஜனம்?

ஆப்பில் ‘ஃபியூயல் ட்ரிம்’ என்று இரண்டு எண்கள் ஓடும், ஷார்ட், லாங் என்று. கம்ப்யூட்டர் எத்தனை சதவிகிதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சமாளிக்கிறது என்பதுதான் அது. ரெண்டையும் கூட்டினால் பிளஸ் 10, மைனஸ் 10-க்குள் இருப்பது நல்லது. வண்டியை நன்றாகச் சூடாக்கிவிட்டு, ஐடிலிங்கில் பாருங்கள். பிறகு நியூட்ரலில் 2,500 ஆர்பிஎம் வைத்துப் பாருங்கள். ஐடிலிங்கில் பிளஸ் 20 காட்டி, ஆர்பிஎம் ஏறியதும் சாதாரணத்துக்கு வந்துவிட்டால், எங்கேயோ வேக்யூம் ஹோஸ் வெடித்துக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. வெயிலில் நின்றே காய்ந்த ரப்பர் அப்படித்தான் வெடிக்கும். மாற்றச் செலவு குறைவு, கண்டுபிடிக்கத்தான் பொறுமை வேண்டும். ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து, ரோட்டில் மிதிக்கும்போது எண் ஏறினால், பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை. பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள்.

பி0420 வந்தால் ‘கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மாத்தணும்’ என்று பெரிய எஸ்டிமேட் வரும். உடனே தலையாட்டாதீர்கள். மிஸ்ஃபயர் கோடு கூடவே இருக்கிறதா, சைலன்ஸர் இணைப்பில் கசிவு இருக்கிறதா, வண்டி கடைசியாக எப்போது முழுச் சூட்டில் நீண்ட தூரம் ஓடியது என்று பார்த்த பிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும்.

பார்க்கிங்கிலேயே 10 நிமிஷம் ஓட விட்டா போதுமா?

போதாது. சொல்லப்போனால், இது கெடுதல். ஸ்டார்ட் பண்ணச் செலவான கரன்ட்டோடு பேட்டரியின் பழைய கடனையும் சேர்த்து அடைக்க, ஐடிலிங்கில் 10 நிமிஷம் பத்தாது. இன்ஜின் அரைகுறைச் சூட்டில் நிற்பதால் பிளக்கில் கரி படியும். சைலன்ஸருக்குள் தண்ணீர் தங்கும். பரிசோதனைகளும் முடியாது. அதற்குப் பதில், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை 30-40 நிமிஷம் நிஜமாகவே ஓட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஈசிஆரில் கோவளம் வரை போய் டீ குடித்துவிட்டு வந்தால், இன்ஜினுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. கிளம்புவதற்கு முன் டயரில் காற்றைப் பாருங்கள். முதல் 100 மீட்டரில் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். நின்ற வண்டியில் டிஸ்க் லேசாகத் துருப்பிடித்திருக்கும். அது சீக்கிரம் தேய்ந்து போய்விடும்.

பிஎஸ்-6 டீசல் என்றால் இந்த ஓட்டம் ஆப்ஷனே இல்லை, கட்டாயம். அதிலுள்ள டிபிஎஃப் ஃபில்டர் புகைக்கரியைப் பிடித்து வைத்து, சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். ஊருக்குள் சின்னச் சின்ன தூரம் மட்டும் ஓடினால் அந்தச் சூடு வரவே வராது. அடைத்துக்கொண்டு, வண்டி பவரைக் குறைத்துக்கொள்ளும். மாசம் 100 கிலோமீட்டர்கூட ஓட்டாத வீட்டுக்கு டீசல் கார் தேவையா என்றால், என் பதில் ‘இல்லை’தான்.

வொர்க்‌ஷாப்பில் என்ன சொல்லணும்?

‘லைட் எரியுது, பாருங்க’ என்று மட்டும் சொல்லி சாவியைக் கொடுத்தால், அவர்களும் கோடை அழித்துவிட்டு சாவியைத் திருப்பிக் கொடுப்பார்கள். ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டுங்கள். எப்போது எரிந்தது, எத்தனை நாள் வண்டி நின்றிருந்தது, பேட்டரி எத்தனை வருஷம், கடைசியாக எப்போது பெட்ரோல் போட்டீர்கள் என்று சொல்லுங்கள். ஏதாவது பார்ட் மாற்ற வேண்டும் என்றால், ‘அதுதான் போயிருக்குன்னு எப்படிண்ணே செக் பண்ணீங்க?’ என்று கேளுங்கள். கோபமாகக் கேட்க வேண்டியதில்லை. ‘மீட்டர் வெச்சுப் பார்த்தோம், கரன்ட் வருது, சென்ஸார் வேலை செய்யலை’ என்று பதில் வந்தால் நம்பலாம். ‘கோடு அதைத்தான் காட்டுது’ என்பது மட்டுமே பதிலாக இருந்தால், வேறு ஒருவரிடமும் கேட்டுவிடுவது நல்லது. மாற்றினால் பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் லைட் எரியவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நல்ல ஓட்டம், முடிந்தால் ரெண்டு, ஓட்டிவிட்டு, ஆப்பில் ‘ரெடினஸ் மானிட்டர்’ பக்கத்தைத் திறங்கள். பரிசோதனைகள் எல்லாம் முடிந்துவிட்டன என்று காட்ட வேண்டும். பெண்டிங் கோடுகளின் பட்டியலும் காலியாக இருக்க வேண்டும். ரெண்டும் சரியாக இருந்தால் வேலை முடிந்தது. டாங்கிளைக் கழற்ற மறந்துவிடாதீர்கள்.